மூன்றாவது மாத்திரை

பிப்ரவரி நான்காம் தேதி, காலை. நிலம் கண்ணுக்குத் தெரியாத நடுக்கடல். பயணிகள் கப்பலின் எட்டாம் தளத்தில், பால்கனி வைத்த ஓர் அறையில் போன் அடித்தது.

டீச்சர் எடுத்தாள்.

"ஹலோ..."

மூச்சு மட்டும் கேட்டது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு விடும் மூச்சு.

"ஹலோ, யாருங்க?"

"உன் புருஷன் பக்கத்துல இருக்காரா?"

பெண் குரல். வேண்டுமென்றே கரகரப்பாக்கிய குரல்.

"குளிச்சிட்டிருக்காரு. நீங்க..."

"அப்ப சீக்கிரம் சொல்லிடறேன், கேட்டுக்கோ. அவரோட மொத பொண்டாட்டி கடல்ல தானா முழுகல. முழுக வெச்சாரு! மூணாவது துறைமுகத்துல உன்னைக் கோட்டை மேல கூட்டிட்டுப் போவாரு. போனா... நீ கப்பலுக்குத் திரும்ப மாட்ட!"

டொக்.

குளியலறைப் பாட்டு நின்றது. பல் டாக்டர் இடுப்பில் துண்டோடு வெளியே வந்தார். ஐம்பது வயது. தலை வெளுத்ததைவிடப் பல் வெளுத்த ஆள்.

"யாரு டீச்சர் போன்ல?"

"ராங் நம்பர்."

"நடுக்கடல்ல ராங் நம்பரா?" சிரித்தார். முப்பத்திரண்டும் தெரிந்தன. "கடல்கன்னியா இருக்கும். அடுத்த தடவை வந்தா என்கிட்ட குடு."

டீச்சரும் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவள். பல்வலி என்று போய் வாயைத் திறந்தாள். சில மாதத்தில் கழுத்தை நீட்டிவிட்டாள்!

டாக்டருக்கு அவள் இரண்டாம் தாரம். முதல் தாரம் எட்டு வருடங்களுக்கு முன்னால் கடலில் குளிக்கப் போனாள். துண்டும் செருப்பும் கரையில் கிடைத்தன. உடல் கிடைக்கவில்லை. வீட்டில் அவளுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. 'பாத்தா தாங்க முடியல, எல்லாத்தையும் எரிச்சுட்டேன்' என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் டாக்டர்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் டீச்சர் அவரை ஆசையாக "ஏங்க" என்று கூப்பிட்டாள். அவர் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது.

"அது மட்டும் வேணாம்மா. அவ என்னை அப்படித்தான் கூப்பிடுவா. நீ டாக்டர்னே கூப்பிடு."

அன்றிலிருந்து அவர் டாக்டர். அவள் டீச்சர். பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இரண்டு பேருக்குமே கிடையாது.

செத்தவளை இப்படி மறக்காமல் இருக்கிறாரே என்று அப்போது உருகினாள்.

இப்போது... உருகியது உறைந்தது.

*

சந்தேகம் ஒரு சனியன். ஒரு கண்ணைத் திறந்தால் ஒன்பது கண்ணைத் திறக்கும்.

டாக்டர் பால்கனிக்குப் போனார். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் இருக்கு."

அந்தக் குரலில் இருந்தது நிம்மதியா... ஏமாற்றமா?

"ஏன் டாக்டர் ஆட்டறீங்க?"

"நீ சாஞ்சு நின்னு வாந்தி எடுக்கறியே. பாத்து வெச்சுக்க வேணாமா?" பெட்டியைத் திறந்தார். "இந்தா, வாந்தி மாத்திரை. ரெண்டு போட்டுக்கோ. கடல் ஆட்டம் தெரியாது."

இரண்டு வெள்ளை மாத்திரை. மேலே எழுத்து ஒன்றும் இல்லை.

"அப்புறம் போட்டுக்கறேன்."

"இப்பவே போடு. நான் பாக்கணும்."

ஏன் பார்க்கணும்?

டீச்சர் வாயில் போட்டாள். நாக்குக்கு அடியில் தள்ளினாள். தண்ணீரை மட்டும் குடித்தாள். அவர் திரும்பியதும் இரண்டையும் துப்பி, ஒன்றைக் கடலில் எறிந்தாள். மீன் ஏதாவது செத்து மிதக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். இன்னொன்றைப் புடவை முந்தானை முனையில் முடிந்துகொண்டாள்.

கப்பல் கிளம்பும் முன்பு காப்பீட்டுத் தாளில் அவள் கையெழுத்துப் போட்டது ஞாபகம் வந்தது. பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தவர் டாக்டர்தான்.

காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. முதல் துறைமுகம் வரப் போவதாக அறிவிப்பு.

டீச்சரின் கை தன்னையறியாமல் நொடித்தது. டக்... டக்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றார் டாக்டர்.

"நெடிலை எல்லாம் குறிலாக்கி முழுங்கறாரு டாக்டர். 'பயணிகளே'ங்கறதுல கடைசி ஏகாரத்துக்கு ரெண்டு மாத்திரை குடுக்க வேணாமா? ஒண்ணோட விட்டுட்டாரு."

ஒரு கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. வகுப்பில் இருபது வருடமாக விரலை நொடித்துக் காட்டிக் காட்டி, எதைக் கேட்டாலும் விரல் தானாக அளந்துவிடும்.

"எனக்குத் தெரிஞ்ச மாத்திரை மருந்துக் கடையில கிடைக்கறதுதான்," என்றார் டாக்டர். "தேன்நிலவுக்கு வந்த இடத்துலயும் வகுப்பு எடுக்கறே பாரு!"

எதிர் மேஜையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பாதியை மறைக்கும் கூலிங் கிளாஸ். உணவுக் கூடத்துக்குள்ளும் கழற்றவில்லை.

டீச்சரைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

டாக்டரின் முகம் சுருங்கியது. "அந்தக் கூலிங் கிளாஸ் பக்கம் போகாத. தனியா சுத்தற பொம்பளை. என்னமோ சரியில்ல."

*

முதல் துறைமுகம். ஒருகாலத்தில் பாய்மரக் கப்பல்கள் மிளகு ஏற்றிப்போன இடம். கிடங்குகளின் சுவர் மட்டும் மிச்சம். மதில் மேல் பீரங்கிகள் கடலைப் பார்த்துத் துருப்பிடித்துக் கிடந்தன.

"பீரங்கி பக்கத்துல நில்லு டீச்சர். போட்டோ எடுக்கறேன்."

நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி."

ஓர் அடி வைத்தாள்.

"இன்னும்... இன்னும் ஒரே அடி... பீரங்கி முழுசா வரணும்!"

காலைத் தூக்கினாள்.

ஒரு கை அவள் முழங்கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தது!

"ஏம்மா! பின்னாடி பாரு!"

பார்த்தாள். மதில் உடைந்து வாய் பிளந்திருந்தது. கீழே பாறை. பாறை மேல் அலை.

இழுத்தவள் கூலிங் கிளாஸ்.

"அட, பள்ளமா?" டாக்டர் கேமராவை இறக்கினார். "கேமரா வழியா தெரியலையே!"

"கேமராவுல தெரியாது. கண்ணுல தெரியும்," என்றாள் கூலிங் கிளாஸ் வெடுக்கென்று. டாக்டர் விறுவிறுவென்று நடந்தார்.

டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ரொம்ப நன்றிங்க..."

"அக்கான்னே கூப்பிடு. உன்னைவிட அஞ்சாறு வயசு மூத்தவதான். தையல் கடை வெச்சிருக்கேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டாரு. போன வருஷம் இதே கப்பல்ல, இதே வழியில தனியா வந்தேன். மனசுக்குப் பிடிச்சுது, மறுபடி வந்துட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "உன் வீட்டுக்காரரு... ஆளு எப்படிம்மா?"

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. நடந்ததை எல்லாம் கொட்டினாள். போன், முதல் தாரம், மாத்திரை, கோட்டை...

கூலிங் கிளாஸ் கையை வாயில் வைத்தாள். "ஐயையோ! போன்ல சொன்னவ யாரோ தெரியல, ஆனா உனக்குத் தெய்வம்மா!"

"கப்பல்ல யார்கிட்டயாவது சொல்லிடட்டுமா அக்கா?"

"என்னன்னு சொல்லுவ? போட்டோ எடுத்தாரு, மாத்திரை குடுத்தாருன்னா? சிரிப்பாங்க. அந்த மனுஷனும் உஷாராயிடுவாரு." டீச்சரின் தோளை அணைத்துக்கொண்டாள். "நான் சொல்றபடி செய். மூணாவது துறைமுகத்துல தலைவலின்னு சொல்லிக் கோட்டைக்குப் போகாத. அவரு போனதும் நாம ரெண்டு பேரும் எதிர்ப்பக்கம் கலங்கரை விளக்கத்துக்குப் போயிடலாம். கூட்டமே இருக்காது. நிம்மதியா இருக்கும்."

டீச்சர் தலையாட்டினாள். இந்தக் கடலில் பிடித்துக்கொள்ள ஒரு கை கிடைத்துவிட்டது.

*

இரண்டாவது துறைமுகம். கருங்கல் பாவிய சதுக்கம். பழைய சுங்க மாளிகை. அதன் வளைவுக்கு முன்னால் டிராம் வண்டித் தண்டவாளம்.

டீச்சர் நடைபாதைக் கடையில் படம் போட்ட தபால் அட்டை பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கூலிங் கிளாஸ். டாக்டர் தூரத்தில் தண்டவாளத்து நடுவில் நின்று வளைவைப் படம் பிடித்தார். கண் கேமராவில்.

திருப்பத்தில் டிராம் வந்தது!

டிரைவர் மணி அடித்தார். டாக்டர் அசையவில்லை.

கடைக்காரர் "யோவ்!" என்று கத்தினார். அசையவில்லை.

யாரோ விசில் அடித்தார்கள். டாக்டர் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தார்.

டீச்சர் பார்த்தாள். வாயைத் திறந்தாள். 'டாக்டர்' என்று ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை...

வரவில்லை.

அவர் இல்லாவிட்டால் கோட்டை இல்லை... பயம் இல்லை... அந்த ஒரு கணம் அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

காதருகே அலறல் வெடித்தது.

"ஏங்க...!"

டாக்டர் துள்ளினார்! யார், எங்கே என்று பார்க்கவில்லை. பின்னால் தாவி, மல்லாந்து விழுந்தார். கேமரா மீது டிராம் ஏறிப் போனது.

கூலிங் கிளாஸின் கண்ணாடி கீழே விழுந்திருந்தது. அவசரமாக எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அக்கா... நீங்க மட்டும் கத்தலன்னா..."

"என்ன இருந்தாலும் மனுஷ உயிராச்சேம்மா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "கொலைகாரப் பாவியா இருந்தாலும், கண்ணெதிர்ல சாகட்டும்னு விட்டுட முடியுமா?"

விடப் பார்த்தேனே என்று நினைத்தாள் டீச்சர். வெட்கமாக இருந்தது.

அறைக்குத் திரும்பியதும் டாக்டர் முழங்கை சிராய்ப்புக்கு மருந்து போட்டுக்கொண்டே கேட்டார். "அப்ப கத்தினது நீயா டீச்சர்?"

"இல்ல. அந்தக் கூலிங் கிளாஸ் அம்மா."

"யாரோ புண்ணியவதி," என்றார் டாக்டர். பஞ்சை மூன்று முறை நனைத்தார். புண் ஒன்றுதான்.

டீச்சர் பால்கனிக்குப் போய் உட்கார்ந்தாள். கடலில் வெயில் மின்னியது. அவள் கை தானாக நொடித்தது.

டக்... டக்...

நிறுத்தினாள். நெற்றி சுருங்கியது. உதடு ஓசையில்லாமல் எதையோ சொல்லிப் பார்த்தது. மறுபடி நொடித்தாள்.

டக்... டக்... டக்.

எழுந்தாள். செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"கீழ போய் தலைவலித் தைலம் இருக்கான்னு கேட்டுட்டு வரேன் டாக்டர்."

வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள். தைலம் கொண்டுவரவில்லை.

*

மூன்றாவது துறைமுகம்.

மலை மேல் கோட்டை. எதிர்ப்பக்கம் கடலுக்குள் நீளும் பாறை. பாறை நுனியில் வெள்ளையாக ஒரு கலங்கரை விளக்கம். கப்பல் அதைப் பார்த்து வழி தேடிய காலம் போய், பயணிகள் ஏறிப் பார்க்கும் காலம்.

"கிளம்பு டீச்சர். கோட்டைக்குப் போலாம்."

"தலை வெடிக்குது டாக்டர். நீங்க போயிட்டு வாங்க."

கெஞ்சுவார்... கையைப் பிடித்து இழுப்பார்...

"சரி, ரெஸ்ட் எடு," என்றார் டாக்டர். "கப்பல் டாக்டரும் கோட்டைக்குப் போறாராம். நான் அவர்கூடவே போயிக்கறேன்."

அவ்வளவுதான். விசில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

கொலை செய்யக் கூட்டிப்போக வந்தவர் இவ்வளவு சுலபமாகவா விடுவார்?

டீச்சர் தலைவாரிக்கொண்டு கீழே இறங்கினாள். கூலிங் கிளாஸ் காத்திருந்தாள்.

கலங்கரை விளக்க வாசலில், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்ட ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து தூங்கி வழிந்தார்.

"மேல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள் கூலிங் கிளாஸ்.

"ஒரு ஈ காக்கா இல்லம்மா. போயிட்டு வாங்க."

சுழல் படி. மேலே வட்டமாக ஓடும் மாடம். காற்று புடவையைப் பிய்த்தது. கைப்பிடிக் கம்பி ஓரிடத்தில் உடைந்திருந்தது. குறுக்கே ஒரு கயிறு மட்டும் கட்டியிருந்தார்கள்.

கூலிங் கிளாஸ் நேராக அந்தக் கயிற்றின் பக்கம்தான் போனாள்.

"இங்க வாயேன்! கோட்டை தெரியுது. உன் வீட்டுக்காரர் எறும்பு மாதிரி தெரியறாரு பாரு!"

டீச்சர் சுவரோடு ஒட்டி நின்றாள். முதுகுக்குப் பின்னால் இரண்டு கையும் மும்முரமாக எதையோ செய்துகொண்டிருந்தன.

"இத்தனை தூரத்துல எறும்பு யாருன்னு கூடவா அடையாளம் தெரியுது அக்கா?"

கூலிங் கிளாஸ் திரும்பினாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"செத்தவரை எங்கம்மா கூப்பிடறது? வா இந்தப் பக்கம்."

"சொல்றேன் கேளுங்க. உப்பு வாங்கப் போறோம். 'ஏங்க, ஒரு பாக்கெட் உப்பு குடுங்க.' அந்த ஏகாரத்துக்கு ரெண்டு மாத்திரை. பஸ்ஸுல ஒருத்தர் வழியை அடைச்சு நிக்கறாரு. 'ஏங்க, தள்ளுங்க.' அதுவும் ரெண்டு. கோவம் வந்தா ஒண்ணரை. முன்பின் தெரியாதவங்களுக்கு நம்ம ஜனங்க ரெண்டுக்கு மேல செலவழிக்கறதில்ல."

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"மூணாவது மாத்திரை கட்டின புருஷனுக்கு மட்டும்தான் அக்கா! 'ஏஎங்க!' இலக்கணத்துல இதுக்கு அளபெடைன்னு பேரு. நேத்து டிராம் வந்தப்ப நீங்க கூப்பிட்டது... மூணு!"



"பதட்டத்துல நீட்டிட்டேன். அதுக்கு என்ன?"

"பதட்டத்துல நீட்ட மாட்டோம், சுருக்குவோம். 'ஏய்'ம்போம். 'ஐயோ'ம்போம். பழக்கத்துலதான் நீட்டுவோம். சரி, நீங்க நீட்டினதை விடுங்க. மணி அடிச்சுது, அவர் திரும்பல. கடைக்காரர் கத்தினாரு, திரும்பல. உங்க ஏஎங்கவுக்கு உயிர் வந்து குதிச்சாரு! என்னை அப்படிக் கூப்பிடக் கூடாதுன்னு ஏன் சொன்னாருன்னு அப்பதான் புரிஞ்சுது. அந்த இடம் இன்னும் காலியாகலையே!"

கூலிங் கிளாஸ் மெல்லக் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

டீச்சர் நிறுத்தவில்லை. "போன் பண்ணி என்னைப் பயமுறுத்தினது நீங்க. பள்ளத்துகிட்ட நிக்க வெச்சது அவரு, இழுத்துக் காப்பாத்தினது நீங்க. நான் அவரைப் பாத்து மிரண்டு, உங்க மடியில வந்து விழணும். இங்கேர்ந்து நான் கீழ விழற நேரத்துல அவரு கோட்டை மேல கப்பல் டாக்டரோட நின்னு சாட்சி சேத்துட்டிருப்பாரு. தெரியாமலே உங்களை அக்கான்னு கூப்பிட்டேன் பாருங்க... சரியாத்தான் கூப்பிட்டிருக்கேன். மூத்த தாரத்தை இளைய தாரம் வேற எப்படிக் கூப்பிடறது?"

"கெட்டிக்காரிதான்," என்றாள் முதல் தாரம். குரலில் பழைய அன்பு துளியும் இல்லை. "எட்டு வருஷம்! செத்துப்போனவளா இருக்கறது லேசுன்னு நினைச்சியா? என் சாவுல வந்த இன்சூரன்ஸ் கரைஞ்சு போச்சு. இனிமே உன் சாவுலதான் நாங்க வாழணும். மாத்திரையைக் கணக்குப் பண்ணியே... கீழ போற வரைக்கும் எத்தனை மாத்திரைன்னு எண்ணிக்கிட்டே போ!"

பாய்ந்தாள்!

இரண்டு கையும் டீச்சரின் தோளைப் பிடித்தன. இழுத்தாள். கயிற்றின் பக்கம் ஒரே தள்ளு!

டீச்சர் தடுமாறினாள். ஒரு கால் விளிம்பில்...

சட்டென்று நின்றாள்!

புடவை விறைத்தது. முந்தானையின் மறுமுனை சுவரில் பதித்திருந்த இரும்பு வளையத்தில், இரண்டு முடிச்சோடு.

"புருஷனை முந்தானையில முடிஞ்சுக்கணும்பாங்க," என்று மூச்சு வாங்கினாள் டீச்சர். "எனக்கென்னமோ இரும்பு வளையம்தான் நம்பிக்கையாத் தெரிஞ்சுது!"

"விடுங்கம்மா! கையை எடுங்க!"

மாடக் கதவில் தொப்பிக்காரர் நின்றார். காலில் வெறும் சாக்ஸ். சத்தம் கேட்கக் கூடாது என்று பூட்ஸைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார்.

கப்பலின் பாதுகாப்பு அதிகாரி.

*

டாக்டர் மத்தியானம் கப்பலுக்குத் திரும்பினார். பாதுகாப்பு அறைக்கு அழைத்தார்கள்.

"உக்காருங்க டாக்டர்," என்றார் அதிகாரி. "உங்க மனைவியைப் பத்தி ஒரு விஷயம். கலங்கரை விளக்கத்து மேலேர்ந்து அவங்க கீழ..."

"ஐயோ! விழுந்துட்டாளா!" டாக்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"இறங்கி வந்துட்டாங்கன்னு சொல்ல வந்தேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து டீச்சர் வெளியே வந்தாள். டாக்டரின் விரல் இடுக்கு வழியே ஒரு கண் தெரிந்தது. அதில் தண்ணீர் இல்லை.

"அறையில தலைவலின்னு படுத்திருக்கறதா சொன்னாங்களே, கலங்கரை விளக்கத்துல அவங்களுக்கு என்ன வேலைன்னு நீங்க கேக்கவே இல்லையே டாக்டர்?"

"அது... பதட்டத்துல..."

உள் அறையிலிருந்து கூலிங் கிளாஸை அழைத்து வந்தார்கள். இப்போது கண்ணாடி இல்லை.

"இவங்களைத் தெரியுமா?"

"யாருன்னே தெரியாது சார்!"

"நீங்க சொல்லுங்கம்மா."

"முன்பின் பாத்ததில்ல." அவள் சுவரைப் பார்த்தாள். "டீச்சருக்கும் எனக்கும் வாய்த் தகராறு. கோவத்துல தள்ளிட்டேன். இந்த ஆளுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

டீச்சர் அதிகாரியைப் பார்த்தாள். அவள் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டால் இவர் தப்பிவிடுவார். ஊர் திரும்பியதும் அதே வீடு. அதே சாப்பாட்டு மேஜை. எதிரே அதே வெள்ளைப் பல்!

"மாடத்துப் பேச்சு காத்துல எனக்குக் கேக்கல, டீச்சர் சொல்றது மட்டும் சாட்சிக்குப் போதாது. அப்ப டாக்டர் மேல ஒண்ணும் இல்ல," என்று அதிகாரி பெருமூச்சு விட்டார். "நீங்க கிளம்பலாம் சார்."

டாக்டர் எழுந்தார். தைரியம் வந்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

"இந்தப் பொம்பளையைச் சும்மா விடாதீங்க சார்! என் பொண்டாட்டி மேல கை வெச்சிருக்கா. இதெல்லாம் ஒரு ஜென்மமா? ஆயுசுக்கும் உள்ள தள்ளுங்க! வெளியவே வரக் கூடாது! அனாதைப் பொணமா ஜெயில்லயே கிடந்து சாகட்டும்!"

சொல்லிவிட்டு, டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார்.

பின்னாலிருந்து வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. கோபமும் அழுகையும் எட்டு வருட ஒளிவும் சேர்ந்து வந்தது.

"ஏஎங்க...!"

"என்னடி!"

சொன்னவர் டாக்டர்.

டாக்டரின் வாய் திறந்தபடியே நின்றது. பல் டாக்டருக்கே பல் பார்க்கலாம் போலிருந்தது.

டீச்சர் அவர் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். விரலை நொடித்தாள்.

டக். டக். டக்.

"முன்பின் தெரியாத பொம்பளையை 'என்னடி'ன்னா கேப்பீங்க?" என்றார் அதிகாரி. "விலங்கைக் கொண்டாங்கப்பா."

*

இருவரையும் கொண்டுபோன பிறகு டீச்சர் நாற்காலியில் சரிந்தாள். அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழ விட்டுவிட்டு அதிகாரி தண்ணீர் கொடுத்தார்.

"நேத்து நீங்க வந்து மாத்திரைக் கணக்கு சொன்னப்ப, வேற யாரா இருந்தாலும் சிரிச்சிருப்பாங்க டீச்சர்."

"நீங்க ஏன் சார் சிரிக்கல?"

"நீங்க பேசிட்டிருக்கும்போதே வீட்லேர்ந்து போன் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? எடுத்ததும் 'ஏஎங்க'ன்னாங்க. நான் எழுந்து நின்னுட்டேன். அப்பவே நம்பிட்டேன். அப்புறம்தான் கப்பல் எக்ஸ்சேஞ்சுல கேட்டேன். உங்க அறைக்கு வந்த அந்தக் கால், அந்த அம்மா அறையிலேர்ந்துதான் வந்திருக்கு." மீசையைத் தடவிக்கொண்டார். "எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் டீச்சர்."

"கடற்படையிலயா சார்?"

"கல்யாணத்துல."

டீச்சர் அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

"இன்னொண்ணு," என்றார் அதிகாரி. "முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்ததைக் குடுத்தீங்களே, அதைக் கப்பல் டாக்டர் பாத்துட்டாரு. சுத்தமான வாந்தி மாத்திரை."

"அடப்பாவமே! அதைப் போட்டிருந்தா வழியெல்லாம் வாந்தி எடுத்திருக்க மாட்டேனே!"

மார்ச் இருபதாம் தேதி, கைதான பெண்ணின் பல் எக்ஸ்ரே பழைய எக்ஸ்ரே ஒன்றுடன் ஒப்பிடப்பட்டது. பழையது, உடல் கிடைத்தால் அடையாளம் காண உதவும் என்று எட்டு வருடங்களுக்கு முன்பு டாக்டரே போலீசிடம் கண்ணீரோடு கொடுத்தது. இரண்டும் பொருந்தின.

இடது கடைவாய்ப் பல்லில் அவர் தன் கையால் வைத்த அடைப்பு இன்னும் கெட்டியாக இருப்பதாகவும் அறிக்கை கூறியது.